தலைக்கு மேலே தூக்கும் பாரமும் தோள்மூட்டு நோவும்

(எமது சங்கத்தின் சுகாதாரக் கருத்தரங்கில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சபையோருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அவர் பேசிய பேச்சுநடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



"தோள் நோவைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கு? கொஞ்சம் சித்தாலேப பூசினால் போச்சுது" என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. ஒரு பக்கம் ஜிம்முக்குப் போய்த் தலைக்கு மேலே பாரம் தூக்கிற எங்கடை பெடியளும் பெட்டையளும். இன்னொரு பக்கம் கடையிலும் வேர்ஹவுசிலும் மேல்தட்டுக்குப் பெட்டி ஏத்திற அண்ணன்மார், அக்காமார். முதல் ஆளுக்கு அது விளையாட்டு, இரண்டாவது ஆளுக்கு அது சோறு. தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பாரம் பாரம்தான்.

மணித்தியாலக் கணக்கில் சம்பளம் எடுக்கிறவருக்குத் தோள் போனால் வேலையும் போகும் என்ற பயம் இருக்கும். அதனால் நோவை மறைப்பார்கள். இரண்டு பனடோல் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தலை இழுக்கக் கை எழும்பாது. அந்த நிலைக்கு வரமுதல் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தோள்மூட்டின் அமைப்பு

எங்கள் இடுப்பு மூட்டு உரலுக்குள் உலக்கை மாதிரி. ஆழமான குழி, அதுக்குள்ளே எலும்பின் தலை பத்திரமாக இருக்கும். தோள்மூட்டு அப்படியில்லை. ஒரு சின்னச் சாசரிலே தோடம்பழத்தை வைத்த மாதிரி. குழி சின்னது, பந்து பெரிது. அதனால்தான் உடம்பில் எந்த மூட்டும் திரும்பாத அளவுக்குத் தோள் எல்லாப் பக்கமும் திரும்புகிறது.

சாசரிலே இருந்து தோடம்பழம் உருண்டு விழாமல் பிடித்து வைத்திருப்பதில் நாலு சின்னத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆங்கிலத்தில் இவற்றை ரொட்டேற்றர் கவ் என்பார்கள். தோள்பட்டை எலும்பில் தொடங்கி, தசைநாணாக மாறி, மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடிக்கின்றன. நீங்கள் கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்படுகிற பெரிய தசைகள் கையைத் தூக்கும். இந்தச் சின்னத் தசைகள் பந்தைக் குழிக்குள் மத்தியில் வைத்திருக்கும்.

இன்னொரு விஷயம். கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்குவது கிட்டத்தட்ட 180 பாகை அசைவு. அதிலே ஏறக்குறைய 120 பாகைதான் தோள்மூட்டில் நடக்கிறது. மிச்சம் 60 பாகையும் முதுகிலே இருக்கிற தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுப்பது. ஆகவே நாள் முழுக்கக் கூனிக்கொண்டு ஸ்ரியரிங் பிடித்தவர், கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவர், இரவு எட்டு மணிக்கு ஜிம்முக்குப் போய் எடுத்த எடுப்பிலே பாரத்தை உச்சிக்கு மேலே தூக்கினால், இறுகிப்போன முதுகு கொடுக்காத அசைவைத் தோள்மூட்டிடம் கேட்கிறார்.

ஏன் நோகுது?

1972ஆம் ஆண்டு அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் சார்ள்ஸ் நீர் ஒரு விளக்கம் சொன்னார். கையைத் தூக்கும்போது மேலே இருக்கிற எலும்புக் கூரையில் தசைநாண் உரசித் தேய்கிறது, அந்தக் கூரையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டால் நோ போகும் என்பது அவருடைய கருத்து. பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தச் சத்திரசிகிச்சை நடந்தது.

பிறகு இங்கே பிரித்தானியாவில் 32 ஆஸ்பத்திரிகளில் 313 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2018இல் லான்செற் சஞ்சிகையில் வந்தது. ஒரு பகுதியினருக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பகுதியினருக்குக் கமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எலும்பைத் தொடாமல் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பகுதியினருக்கும் ஒரே அளவு முன்னேற்றம். எலும்பைச் செதுக்கியதால் தனியாக ஒரு நன்மையும் தெரியவில்லை.

ஆகவே "எலும்பு உரசுது, இனிக் கையைத் தூக்கக்கூடாது" என்று யாராவது சொன்னால் பயப்படாதேங்கோ. பெரும்பாலான தோள் நோவுக்குக் காரணம் தசைநாணுக்கு அதன் சக்திக்கு மிஞ்சிய வேலை திடீரெனக் கொடுத்ததுதான். தசை கெதியாகப் பலப்படும். தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். ஒரு பெடியனுக்குத் தசை மூன்று மாதத்தில் ஏறும், அவன் பாரத்தையும் கூட்டுவான், தசைநாண் பின்னாலே நின்று "பொறு பொறு" என்று கத்தும். அந்தக் கத்தல்தான் நோ.

ஊரிலே பெரிய வாளியில் கிணற்றுத் தண்ணீர் அள்ளினவர்களைப் பாருங்கோ. அவர்கள் ஒரே நாளில் அதைத் தூக்கவில்லை. சின்ன வயதில் சின்ன வாளி, பிறகு அதைவிடப் பெரிது, வருடக்கணக்காக உடம்பு பழகியது. இங்கே நாங்கள் பத்து வருடம் ஒன்றும் தூக்காமல் இருந்துவிட்டு, தை மாதம் முதலாம் திகதி ஜிம்மில் பணம் கட்டி, தை மாதம் முடியமுதல் நாற்பது கிலோவைத் தலைக்கு மேலே தூக்கப் பார்க்கிறோம்.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளுக்கு

நோ வந்தவுடன் இரண்டு விதமான பிழை நடக்கும். ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதே பாரத்தைத் தூக்குவார். மற்றவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார். முதலாமவருக்கு நோ கூடும். இரண்டாமவருக்கு நோ குறையும், ஆனால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். திரும்பப் போன முதல் கிழமையே நோவும் திரும்பி வரும். நடுவழிதான் சரி.

எவ்வளவு நோ இருந்தால் பயிற்சி செய்யலாம்? நோவுக்குப் பத்துக்குள் ஒரு புள்ளி போடுங்கோ. மூன்று, நாலு வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்தநாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அடுத்தநாளும் கூடுதலாக நொந்தால், இரவு நித்திரையைக் குழப்பினால், நேற்றுத் தூக்கியது கூடிப்போச்சு என்று அர்த்தம். பாரத்தைக் குறையுங்கோ.

பாரத்தைக் குறைப்பதோடு தூக்கும் விதத்தையும் மாற்றவேண்டும்.

கழுத்துக்குப் பின்னாலே பாரை இறக்கித் தூக்குவதை விட்டுவிடுங்கோ. அது தோளை அதன் கடைசி எல்லைக்குத் தள்ளுகிறது. முன்னாலே தூக்குங்கோ.

நீளமான பாருக்குப் பதிலாக இரண்டு கையிலும் டம்பெல் பிடியுங்கோ. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். முழங்கை நேர் பக்கத்துக்குப் போகாமல், கொஞ்சம் முன்னுக்கு, முப்பது பாகை அளவில் இருக்கட்டும். தோள்பட்டை எலும்பு இயல்பாகப் பார்க்கிற திசை அதுதான்.

முழு உயரத்துக்கும் தூக்க நொந்தால் நெற்றி உயரம் வரைக்கும் தூக்குங்கோ. அதுவும் நொந்தால் சாய்ந்த வாங்கில் சாய்ந்துகொண்டு தள்ளுங்கோ. அல்லது பாரின் ஒரு முனையை நிலத்தில் மூலையில் ஊன்றி, மறுமுனையைச் சரிவாக மேலே தள்ளுங்கோ. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவைக் கூட்டி நேராக்கலாம்.

தள்ளுகிற பயிற்சி எவ்வளவு செய்கிறீர்களோ, குறைந்தது அவ்வளவு இழுக்கிற பயிற்சியும் செய்யுங்கோ. கண்ணாடியில் தெரிகிற நெஞ்சையும் தோளையும் மட்டும் வளர்த்து, தெரியாத முதுகை மறந்துவிடுவதுதான் எங்கடை பிள்ளையள் வழமையாகச் செய்கிற வேலை.

முதுகை வில்லாக வளைத்துப் பின்னாலே சாய்ந்து தூக்காதேங்கோ. அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கிலே பாரத்தைத் தோளில் இருந்து கையால் மட்டும் தள்ளித் தூக்குகிற போட்டி இருந்தது. வீரர்கள் அப்படிப் பின்னாலே சாய்ந்து சாய்ந்து, எது சரி எது பிழை என்று நடுவர்களுக்கே தீர்ப்புச் சொல்ல ஏலாமல் போனது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். உங்கள் முதுகு வளைந்தால்தான் பாரம் மேலே போகும் என்றால், அந்தப் பாரம் உங்களுக்கு இன்னும் பாரம் என்று அர்த்தம்.

வேலைத்தலத்தில்

இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்கு. பிரித்தானியாவின் சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்று நிறுவனம், பாரம் தூக்குவதற்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. இடுப்பு உயரத்தில் உடம்போடு அணைத்துத் தூக்கும்போது ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதையே தோளுக்கு மேலே தூக்கினால், உடம்போடு அணைத்தபடி ஆணுக்கு 10 கிலோ, பெண்ணுக்கு 7 கிலோ. கையை நீட்டிக்கொண்டு என்றால் ஆணுக்கு 5, பெண்ணுக்கு 3. இதுவும் இடைக்கிடை தூக்கிறவருக்குத்தான். நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்று தொடர்ந்து தூக்கினால் இன்னும் குறைக்கவேண்டும். இது சட்டத்தின் உச்சவரம்பு அல்ல. இதற்கு மேலே போனால் வேலையைக் கவனமாக ஆராயவேண்டும் என்பதற்கான அடையாளம்.

இனி எங்கடை கடைகளை நினைத்துப் பாருங்கோ. 20 கிலோ அரிசிப் பை எந்தத் தட்டில் இருக்கிறது? பாரமான பை இடுப்பு உயரத்திலே, அப்பளமும் பஞ்சும் மேல்தட்டிலே என்று மாற்றி அடுக்கினாலே பாதித் தோள் நோ குறையும். கடை நடத்துகிற எம்மவர்களுக்கும் இதை அன்பாகச் சொல்கிறேன். ஒரு படிவாங்கு வாங்குகிற காசு, நல்ல வேலையாள் ஒருவர் மூன்று மாதம் வராமல் விடுகிற நட்டத்தைவிடக் குறைவு.

1992ஆம் ஆண்டு முதல் இங்கே ஒரு சட்டவிதி இருக்கிறது. காயம் வரக்கூடிய பாரம் தூக்கும் வேலையை முடிந்தவரை தவிர்ப்பதும், தவிர்க்க முடியாவிட்டால் ஆபத்தை ஆராய்ந்து குறைப்பதும் முதலாளியின் பொறுப்பு. வேலையில் திடீரெனத் தோள் பிடித்தால் விபத்துப் புத்தகத்தில் எழுதுவியுங்கோ. அது சண்டை பிடிப்பதற்காக அல்ல. பிறகு "வீட்டில் நடந்தது" என்று யாரும் சொல்லாமல் இருப்பதற்காக.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி

இதற்கு வேண்டியது ஓர் இலாஸ்ரிக் பட்டி, ஒரு துவாய், ஒரு சுவர். அவ்வளவுதான்.

முதலாவது: நோ கடுமையாக இருக்கிற நாட்களில், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகிற கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆட்டுங்கோ. ஒன்று, இரண்டு நிமிடம், நாளைக்கு மூன்று தரம்.

இரண்டாவது: முழங்கையை மடித்து இடுப்போடு ஒட்டி, புறங்கையைச் சுவரில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்துங்கோ. கை அசையாது, தசை மட்டும் வேலை செய்யும். பாதிப் பலம் போதும். முப்பது செக்கன், ஐந்து தரம்.

மூன்றாவது: துவாயைச் சுருட்டிக் கைக்கும் விலாவுக்கும் இடையில் வையுங்கோ. இலாஸ்ரிக் பட்டியைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கை மடித்தபடி பட்டியை வெளிப்பக்கம் இழுத்து, மெதுவாகத் திரும்ப விடுங்கோ. பத்துத் தரம், அப்படி மூன்று முறை. இழுக்கிறதைவிடத் திரும்ப விடுவது மெதுவாக இருக்கட்டும்.

நாலாவது: அதே பட்டியை நெஞ்சு உயரத்தில் கட்டி, இரண்டு கையாலும் உங்களை நோக்கி இழுங்கோ. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் கிட்டவரட்டும்.

ஐந்தாவது: இரண்டு முன்னங்கையையும் சுவரில் வைத்து, சுவரோடு சேர்த்து மேலே வழுக்கிக்கொண்டு போங்கோ. பொறுக்கக்கூடிய உயரம் வரைக்கும்.

இவை இலேசான பிறகுதான் தலைக்கு மேலே பாரம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ. அதில் தொடங்குங்கோ. நாலு பைந்துப் பால் போத்தல் இரண்டேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அது அடுத்த படி. அதற்குப் பிறகு ஜிம். இழுவைப் பயிற்சிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். குறைந்தது பன்னிரண்டு கிழமை கொடுங்கோ. இரண்டு கிழமையில் சரிவரவில்லை என்று விட்டுவிடாதேங்கோ. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

இரவில் நோகிற தோளின் மேல் படுக்காதேங்கோ. மற்றப் பக்கம் சரிந்து, நோகிற கையை ஒரு தலையணையில் அணைத்து வைத்தால் நித்திரை வரும்.

ஊசியும் ஸ்கானும் எண்ணெயும்

"ஒரு ஊசி போட்டால் சரி" என்று பலர் கேட்பார்கள். 2021இல் வெளிவந்த இன்னொரு பிரித்தானிய ஆய்வில் 708 பேர் பங்குபற்றினார்கள். ஸ்ரீறொயிட் ஊசி முதல் சில கிழமைகளுக்குச் சிறிதளவு உதவியது. ஒரு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. பிசியோவிடம் ஆறு தடவை வரை போனவர்களும், ஒரேயொரு தடவை நல்ல ஆலோசனை பெற்று வீட்டில் தாங்களாகச் செய்தவர்களும் ஒரே அளவுக்கு முன்னேறினார்கள். வேலைக்கு லீவு எடுக்க ஏலாத எங்கடை சனத்துக்கு இது நல்ல செய்தி. சலரோகம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கோ: அந்த ஊசி சில நாட்களுக்குச் சீனியைக் கூட்டும்.

ஸ்கானும் எல்லோருக்கும் தேவையில்லை. அறுபது வயது தாண்டிய பலருக்கு ஒரு நோவும் இல்லாமலே தசைநாணில் கிழிவு இருக்கும். நரை மாதிரி அதுவும் வயதோடு வருவது. படத்தைப் பார்த்துப் பயந்து கையை மடக்கி வைத்தால்தான் ஆபத்து.

நல்லெண்ணெய், நொச்சி இலை ஒத்தணம் எல்லாம் இதமாக இருந்தால் செய்யுங்கோ, தடையில்லை. ஆனால் கையைப் பிடித்து முறுக்கி இழுத்து நோவெடுக்க விடாதேங்கோ. இபுபுறூபன் போன்ற மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், பிரஷர் மருந்து உள்ளவர்கள் பார்மசியிலோ டொக்டரிடமோ கேட்காமல் எடுக்கவேண்டாம்.

பயிற்சிக்கு முதல் டொக்டரிடம் போகவேண்டியவை

இடது தோள் நோவோடு நெஞ்சை அமத்துவது போல இருந்தால், வியர்த்தால், மூச்சு முட்டினால், அது தோள் வருத்தம் அல்ல. உடனே 999ஐ அழையுங்கோ. "வாய்வு" என்று சொல்லிக்கொண்டு உள்ளிக் கசாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதேங்கோ.

விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டால், மூட்டு விலகின மாதிரித் தெரிந்தால், மூட்டு சிவந்து கொதித்துக் காய்ச்சலும் இருந்தால், அன்றைக்கே காட்டுங்கோ. கை விறைத்துப் பலம் குறைந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், ஐம்பது வயதுக்கு மேல் காலையில் இரண்டு தோளும் சேர்ந்து இறுகினால், தாமதிக்காமல் உங்கள் ஜீபியிடம் சொல்லுங்கோ.

இன்னொன்று, தோள் உறைதல். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக, சலரோகம் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக வருவது. மற்றவர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்பாது. முதுகுப்பக்கம் கொக்கி போட ஏலாது. இது ஜிம் நோ அல்ல, பாரம் தூக்கி மாற்றுகிற வருத்தமும் அல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எடுக்கும். இதற்கு வேறு வைத்தியம் உண்டு. சலரோகம் எங்கள் சமூகத்தில் கூட என்பதால் தாய்மார் இதை மனதில் வைத்திருங்கோ.

சொல்லாத நோ

கடைசியாக ஒரு விஷயம். கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

எங்களில் சிலருக்குத் தோள் நோ ஜிம்மிலும் தொடங்கவில்லை, வேலையிலும் தொடங்கவில்லை. கையைப் பின்னுக்குக் கட்டித் தூக்கித் தொங்கவிடப்பட்டவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அப்படித் தொங்கும்போது மூட்டின் சவ்வுகளும் கைக்குப் போகிற நரம்புகளும் இழுபடும். பல வருடத்துக்குப் பிறகும் தோள்பட்டை எலும்பு முதுகில் செட்டை மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்கலாம், கையில் விறைப்பு இருக்கலாம். அவர்களுக்குச் சாதாரணப் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பினால் போதாது. நரம்பைச் சோதித்து, ஆறுதலாகத் தொடங்கவேண்டும்.

அப்படிப்பட்டவர் பிசியோவிடம் "முந்தி எனக்குக் கை கட்டித் தூக்கினவை" என்ற ஒரு வசனம் சொன்னால் போதும். மிச்சத்தைச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்லத் தேவையில்லை. தொடமுதல் கேட்கச் சொல்லலாம். கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லும்போது மனம் பதறினால் நிறுத்தச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாகத் தரும், முன்கூட்டியே கேளுங்கோ. உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. பிள்ளைக்கு முன்னால் நீங்களும் சொல்லமாட்டீர்கள், சொன்னாலும் அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கக்கூடாது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்றே 1985இல் லண்டனில் தொடங்கப்பட்ட மருத்துவ அமைப்பு இன்றைக்கு ஃபிரீடம் ஃபுறொம் ரோச்சர் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே அனுப்பும்படி உங்கள் டொக்டரிடம் கேட்கலாம்.

அன்பானவர்களே, இங்கிலாந்தில் பல இடங்களில் டொக்டரின் கடிதம் இல்லாமலே நீங்களாக என்.எச்.எஸ். பிசியோவுக்குப் பதிந்துகொள்ளலாம். உங்கள் ஜீபி வரவேற்பில் கேளுங்கோ. காத்திருக்கும் காலத்தில் நான் சொன்ன முதல் இரண்டு பயிற்சியையும் தொடங்கலாம். கூட்டம் முடிந்தபிறகு பின்பக்க மேசையில் இலாஸ்ரிக் பட்டி வைத்திருக்கிறேன். ஒருவர் ஒருவராக வாருங்கோ, பிடிக்கிற விதத்தைக் காட்டித் தருகிறேன்.

பிறக்கும் சித்திரைப் புத்தாண்டு உங்கள் எல்லோருக்கும் நோயற்ற ஆண்டாக அமையட்டும்.